உழாத வயலில் விழுந்த முட்டை

அன்று காலை வயலில் இருந்தவர்கள் ஏழு பேர். நான். என் தம்பி. தம்பியின் மகள். எங்கள் டிராக்டர் ஓட்டுநர். என் தங்கை. தங்கையின் கணவர், அதாவது எங்கள் வீட்டு மாப்பிள்ளை, பக்கத்து நிலத்துக்காரர். உருளைக்கிழங்கு விவசாயிகள் சங்கத்தின் தலைவர். இவர்களைத் தவிர ஒருவரும் இல்லை. தானும் அங்கே நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகக் கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் அன்று எங்கே இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வயலில் இல்லை.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விதைக்கிழங்கு நடுவதற்கு ஒரு வாரம் முன்பு, போட்டிக்குப் பெயர் கொடுத்த குடும்பங்களின் வயலுக்குத் தலைவர் வருவார். கைத்தடியால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டுவார். குடும்பத்தின் மூத்தவர் அந்த இடத்தில் நிமிர்ந்து நின்று, தோள் உயரத்துக்குக் கையை நீட்டி, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கோழிமுட்டையைக் கீழே விட வேண்டும். குனியக் கூடாது. முழங்காலை மடக்கக் கூடாது. முட்டை உடையாவிட்டால் மண் பதமாக இருக்கிறது என்று பொருள். உடைந்தால் அந்தக் குடும்பம் அந்த வருடம் அடக்கமாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட முட்டை உடையாவிட்டால் வயலின் அழகைப் பார்த்துத் தலைவர் தீர்ப்புச் சொல்வார்.

சங்கக் கட்டடத்தில் ஒன்பது பெஞ்சுகளும் ஒரே ஒரு கை வைத்த நாற்காலியும் இருக்கின்றன. ஜெயித்த குடும்பத்தின் மூத்தவருக்கு ஒரு வருடம் அந்த நாற்காலி. அன்று வரை பத்தொன்பது வருடமாக அதில் சாய்ந்திருந்தது என் முதுகு. சாய்ந்திருந்தது என்று சொன்னது தவறு. நான் சாய்வதில்லை. நேராக உட்கார்ந்திருக்கிறேன்.

பெஞ்சில் முதல் வரிசையில், என் நாற்காலிக்கு நேர் கீழே, அந்தப் பத்தொன்பது வருடமும் உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளை. கூட்டம் முடிந்து எழும்போதெல்லாம் அந்த நாற்காலியின் கைப்பிடியை ஒரு தடவு தடவிவிட்டுத்தான் போவார்.

நாங்கள் ஜெயித்ததற்குக் காரணம் உழவு. மற்றவர்கள் மூன்று உழவு உழுதால் நாங்கள் ஏழு. கலப்பையால் ஆழமாகப் புரட்டி, ரொட்டவேட்டரால் பொடித்து, மறுபடி புரட்டி, மறுபடி பொடித்து, கடைசியில் கட்டி என்று சொல்ல ஒரு கட்டி இருக்காது. கிழங்கு நடும் மண்வரிசைகள் பாருக்குப் பார் நூல் பிடித்தாற்போல் இருக்கும். சாலையில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அப்படி நிற்கிறார்களா என்று நானும் அவ்வப்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.

இதை மாற்றியவள் தம்பி மகள். வேளாண்மை படித்துவிட்டு வந்தவள். மாப்பிள்ளை அவளுக்கு மண்புழு டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார். சென்ற வருடம் ஒரு மத்தியானம், சாப்பாட்டு மேசையின்மேல் விருந்தாளிகளுக்கு வைக்கும் கண்ணாடி டம்ளர்கள் இரண்டை எடுத்து வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். ஒன்றில் எங்கள் வயலிலிருந்து எடுத்த ஒரு மண்கட்டியைப் போட்டாள். மற்றொன்றில் வேலியோரத்தில், யாரும் எப்போதும் உழாத புல்தரையிலிருந்து எடுத்த கட்டியைப் போட்டாள்.

"பெரியப்பா, கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். எங்கள் வயல் கட்டி இரண்டு மூச்சு விடும் நேரத்தில் பொலபொலவென்று உதிர்ந்து, டம்ளருக்கு அடியில் சேறாகப் படுத்துவிட்டது. தண்ணீர் டீ மாதிரி ஆகிவிட்டது. வேலியோரத்துக் கட்டி போட்ட இடத்தில் போட்டபடி நின்றது. தண்ணீரும் தெளிவாகவே இருந்தது.

"இதுல என்ன?" என்றேன்.

"வேலியோரத்துல வேரும் புழுவும் சேர்ந்து மண்ணைப் பிடிச்சு வெச்சிருக்கு. நாம வருஷத்துக்கு ஏழு தடவை புரட்டிப் புரட்டி அதையெல்லாம் அறுத்துட்டோம். நம்ம மண்ணுக்கு நிக்கவே தெம்பு இல்ல பெரியப்பா. ஒரு மழை வந்தா அப்படியே படுத்துடுது."

தம்பி மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அந்த டம்ளரை அப்புறம் சுடுதண்ணி ஊத்திக் கழுவணும்மா," என்றான். அவன் கவலைப்படுகிற விஷயங்கள் எப்போதும் இந்த அளவில்தான் இருக்கும்.

அவள் அதோடு விடவில்லை. வெளியே போய் ஒரு வாளி நிறையக் கறுத்த சேற்றைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள்.

"இது மாமா வீட்டுக் குட்டையிலேர்ந்து அள்ளினது. ஆனா அவர் மண் இல்ல. நம்ம மேட்டு நிலத்துலேர்ந்து மழையில ஓடிப்போன மண். அவர் வருஷா வருஷம் தூர் வாரி அவர் வயல்ல போட்டுக்கிறார்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் குடும்பத்து மண் நிற்கத் தெம்பில்லாமல் படுத்துக்கொண்டது ஒரு பக்கம். அது படுத்த இடம் மாப்பிள்ளையின் குட்டை என்பது இன்னொரு பக்கம். போன வருடம் அவர் என்னைப் பார்த்து, "மச்சான், உங்க தயவுல என் நிலம் வளர்ந்துகிட்டே போகுது," என்று சொல்லிச் சிரித்ததன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

"என்ன பண்ணணும் சொல்லு," என்றேன்.

அவள் சொன்னது இதுதான். தானிய அறுவடை முடிந்ததும் ஒரே ஒரு தடவை பார் கட்டிவிட வேண்டும். பாரின்மேல் மூடுபயிர் விதைத்து வளர விட வேண்டும். நடவுக்கு முன் அதை உருட்டிப் படுக்க வைத்து, மேலே வைக்கோல் பரப்ப வேண்டும். நடும்போது கிழங்கு போகும் அளவுக்கு ஒரு கோடு மட்டும் கிழித்தால் போதும். உழவு கிடையாது. ரொட்டவேட்டர் கிடையாது.

"கிழங்கு தோண்டும்போது மண்ணைப் புரட்டித்தானே ஆகணும்?" என்று தம்பி கேட்டான். அவனுக்கும் சில நேரம் மூளை வேலை செய்யும்.

"ஆமாப்பா. அதைத் தவிர்க்க முடியாது. அதனாலதான் மத்த நேரமாவது அதை நிம்மதியா விடுங்கன்னு கேக்கறேன்."

சரி, போட்டி வயலில் மட்டும் செய்துபார் என்று சொல்லிவிட்டேன். ஒரு நிபந்தனை வைத்தேன். முட்டை உடைந்தால் மறுநாளே ஏழு உழவு. அவளும் மண்ணைப் பற்றி இந்த வீட்டில் பேச்செடுக்கக் கூடாது. அவள் என் கண்ணை நேராகப் பார்த்து, "சரி பெரியப்பா. உடையலைன்னா எல்லா நிலத்தையும் எங்கிட்ட விடணும்," என்றாள்.

"அதை அப்போ பாத்துக்கலாம்," என்றேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் விரிக்க விரும்பவில்லை. வயல், படுத்து எழுந்து மடிக்காமல் விட்ட படுக்கை போலக் கிடந்தது. வைக்கோல் ஒரு பக்கம், காய்ந்த தண்டு ஒரு பக்கம். சாலையில் போகிறவர்கள் இப்போதும் நின்றார்கள். "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். சாலையோரமாகத் தார்ப்பாய் கட்டி மறைக்கச் சொன்னேன். அதைக் கட்டியபின், "உள்ளே கட்டடம் ஏதும் வருதா?" என்று விசாரித்தார்கள். அவிழ்க்கச் சொல்லிவிட்டேன்.

எங்கள் டிராக்டர் ஓட்டுநர் இருபது வருடமாக எங்களிடம் இருப்பவர். வேலை குறைந்ததும் மனிதர் இளைத்துப்போனார். தினமும் காலையில் டிராக்டரைக் கழுவித் துடைத்தார். சாயங்காலம் அதைச் சாலையில் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார்.

"எங்கய்யா போயிட்டு வர்றே?" என்று கேட்டேன்.

"சும்மா ஒரு நடை ஐயா. கொட்டகையிலயே நின்னா அதுக்கு மனசு கெட்டுப்போயிடும்."

வேலிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளைக்கு ஒரே கொண்டாட்டம். எங்கள் ஏழு உழவை மிஞ்ச வேண்டும் என்று அவர் ஒன்பது உழவு உழுதார். கடைசி உழவு முடிந்த அன்று ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து வந்து வேலிமேல் வைத்து ஊதினார். புகைபோல் பறந்து என் கண்ணாடியில் படிந்தது.

"பாத்தீங்களா மச்சான், முகத்துக்குப் போடற பவுடர் தோத்துது."

"முகத்துக்கே போட்டுக்கோங்க மாப்பிள்ளை. கொஞ்சம் தேவையாத்தான் இருக்கு," என்றேன்.

"நாற்காலிக்கு ஒரு மெத்தை தைக்கச் சொல்லியிருக்கேன். உங்க முதுகு மாதிரி இல்ல என் முதுகு. சாய்ஞ்சு பழகினது."

என் தங்கை வாசலில் நின்றபடி, "ரெண்டு பேருக்கும் வயசு அறுபதுக்கு மேல," என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

சோதனைக்கு மூன்று நாள் முன்பு பலத்த மழை பெய்தது. அதன்பின் இரண்டு நாள் நல்ல வெயில். அந்த மழையை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. தம்பி மகள் மட்டும் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

அந்த முறை போட்டிக்குப் பெயர் கொடுத்தவை எங்கள் இரண்டு குடும்பங்கள் மட்டுமே. சோதனை நாள் காலை எட்டு மணிக்கு முதலில் மாப்பிள்ளையின் வயல். தலைவர் வழக்கம்போல் சங்கத்தின் வரலாற்றைச் சொன்னார். அவர் பேசி முடிப்பதற்குள் பயிர் ஒரு இலை கூடுதலாக விட்டுவிடும். பிறகு கைத்தடியால் ஓரிடத்தைத் தொட்டார். தொட்டபோது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மண்ணில் கைத்தடி பட்டால் அப்படிச் சத்தம் வரக் கூடாது. நான் நிமிர்ந்தேன். ஏற்கெனவே நிமிர்ந்துதான் நின்றேன், இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தேன்.

மாப்பிள்ளை நெஞ்சை விரித்துக்கொண்டு நின்று, தோள் உயரத்திலிருந்து முட்டையை விட்டார்.

முட்டை சுக்குநூறாகியது. மஞ்சள் கரு அவருடைய காலணியின் வாருக்குள் போய்விட்டது.

என் தங்கை சிரித்தாள். கட்டிய புருஷன் என்று பார்க்காமல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"முட்டை சரியில்ல," என்றார் மாப்பிள்ளை.

"நேத்து சாயங்காலம் போட்ட முட்டைங்க. கோழி அதைப் பத்தி ஒண்ணும் குறை சொல்லல," என்றாள் தங்கை.

தம்பி மகள் உட்கார்ந்து மண்ணின் மேல்பரப்பை நகத்தால் நெம்பினாள். பிஸ்கட் போல ஒரு தகடு கையோடு வந்தது. "மாமா, ரொம்பப் பொடியா உழுதா இப்படித்தான். மழைத்துளி விழுந்ததும் பொடியெல்லாம் ஒட்டிக்கிட்டு, வெயில்ல ஓடு கட்டிடுது. தண்ணியும் உள்ள இறங்காது."

"அப்போ போன வருஷம்?"

"போன வருஷம் மழை சோதனைக்கு அப்புறம் வந்துச்சு."

மழை எந்த நாளில் வந்தது என்பதைப் பொறுத்து என் பத்தொன்பது வருட நாற்காலி இருந்திருக்கிறது என்ற எண்ணம் எனக்குப் பிடிக்கவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு எங்கள் வயலை நோக்கி நடந்தேன்.

வரப்பை அடைந்ததும் தம்பி என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். கைக்குட்டையில் சுற்றிய முட்டையை என் கையில் வைத்தான். அது வெதுவெதுப்பாக இருந்தது.

"அண்ணா, கவலையே படாதீங்க," என்று காதில் சொன்னான். "அவிச்சுட்டேன்."

"என்னது?"

"முட்டையை. இருபத்தஞ்சு நிமிஷம். கல்லு மாதிரி இருக்கு. இவ வயலை நம்பி நாம நாற்காலியை விட முடியுமா?"

எனக்குக் கண் இருட்டியது. எங்கள் குடும்பத்தில் சண்டை போட்டவர்கள் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனவர் ஒருவர் உண்டு. சோதனை முட்டையை அவித்தவர் இதுவரை கிடையாது. அதைக் கீழே போட்டு ஜெயித்தால் நான் திருடன். விரிசல் விட்டு வெள்ளை தெரிந்தால் பிடிபட்ட திருடன். "எங்கள் முட்டை அவித்தது, வேறு எடுத்து வருகிறோம்" என்று சொன்னால் தம்பி திருடன், நான் திருடனுக்கு அண்ணன். நாற்காலி போகட்டும். சங்கத்தின் கடைசி பெஞ்சில்கூட என்னால் நிமிர்ந்து உட்கார முடியாது.

அவித்த முட்டையைக் கோட்டுப் பைக்குள் போட்டேன். தங்கையின் கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அவள் எப்போதும் இன்னொரு முட்டை எடுத்து வருவாள்.

"மாப்பிள்ளை," என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டேன். "எங்க வயல்ல விழறதுக்கு எங்க வீட்டு முட்டைதான் வேணும்னு இல்ல. உங்க வீட்டு முட்டையையே குடுங்க. அதையே போடறேன்."

தலைவர் கைத்தடியால் தரையைத் தட்டினார். "ஆகா! இதுதான் பெரிய மனுஷத்தனம்."

ஓட்டுநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பி மட்டும் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

மாப்பிள்ளை லேசுப்பட்டவர் இல்லை. கண்ணைச் சுருக்கினார். "ஏன் மச்சான், உங்க முட்டைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லையே."

"நல்லது. அப்போ என் முட்டை உங்க வயல்ல. இது முடிஞ்சதும் உங்க முட்டையை நான் என் வயல்ல போட்டுப் பாக்கறேன். உங்க வீட்டு ஓடு கெட்டியா, எங்க வீட்டு ஓடு கெட்டியான்னு ஊருக்குத் தெரியட்டும்."

"நியாயமான பேச்சு," என்றார் தலைவர்.

அந்த நிமிடத்தில் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. இந்தச் சோதனை முடிவதற்குள் என் பையில் இருக்கும் முட்டை இந்த உலகத்தில் இருக்கக் கூடாது.

தலைவர் வரலாற்றைத் திரும்பவும் ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். முதல்முறையாக அதற்காக நன்றியுடன் இருந்தேன். வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு ஓட்டை உரிக்கத் தொடங்கினேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல், ஒரே கையால், பார்க்காமல் முட்டை உரிப்பது சுலபம் இல்லை. சங்கம் ஆரம்பித்த வருடத்தில் பாதி உரிந்தது. இரண்டாவது தலைவர் பதவி ஏற்றபோது அந்த மெல்லிய தோல் விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மூன்றாவது தலைவர் காலத்தில் முட்டை வழுக்கிப் பையின் மூலைக்குப் போய் ஒளிந்துகொண்டது.

"அண்ணாவுக்கு இதய வலி ஏதாவதா?" என்று தங்கை கேட்டாள். "கையைக் கோட்டுக்குள்ளயே வெச்சிருக்கார்."

"குளிர்," என்றேன்.

"வேர்க்குது உங்களுக்கு."

தலைவர் பேச்சை முடித்து, கைத்தடியால் வைக்கோலில் ஓரிடத்தைத் தொட்டார். சத்தமே வரவில்லை. கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு, தங்கை கொடுத்த முட்டையை வாங்கித் தோள் உயரத்தில் நீட்டினேன். தம்பி மகளின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாற்காலி என் கவலை. அவளுக்கு இந்த நிலம் முழுவதும் அந்த முட்டைக்குள் இருந்தது.

விட்டேன். மெத்தென்று விழுந்து, வைக்கோலில் ஒருமுறை புரண்டு, அப்படியே கிடந்தது.

"அது எப்படி?" மாப்பிள்ளை குதித்தார். "மெத்தை போட்டு முட்டை போட்டா என் வீட்டுக் கூடத்துலயும் உடையாது! வைக்கோலை எடுங்க. மண்ணு மேல போடுங்க."

தலைவர் யோசித்தார். "விதியில மண்ணுன்னுதான் இருக்கு. வைக்கோல்னு இல்ல."

தம்பி என் கோட்டுப் பையைப் பார்த்தான். தம்பி மகள் மட்டும், "எடுத்துடலாம் மாமா. அதுக்கென்ன," என்று சொல்லிவிட்டு மண்டியிட்டு வைக்கோலை இரண்டு பக்கமும் ஒதுக்கினாள். அந்த அவகாசத்தில் நான் பைக்குள் மிச்சத்தையும் உரித்து முடித்தேன்.

வைக்கோலுக்கு அடியில் தெரிந்த மண்ணை நான் அதற்குமுன் எங்கள் வயலில் பார்த்ததில்லை. கறுப்பாக, ஈரமாக, கேக்கைப் பிட்டுப் பிட்டுப் போட்டதுபோல் உருண்டை உருண்டையாக இருந்தது. நடுவில் ஒரு மண்புழு தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு, இது தனக்குச் சம்பந்தமில்லாத கூட்டம் என்பதுபோல் உள்ளே போய்விட்டது.

தலைவர் அந்த இடத்தைத் தொட்டார். கைத்தடி இரண்டு விரற்கடை உள்ளே இறங்கியது. தம்பி மகள் எடுத்துக் கொடுத்த முட்டையோடு நான் மறுபடி கையை நீட்டினேன். ஏழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். விட்டேன்.

முட்டை மண்ணில் பாதி புதைந்து நின்றது.

"உடைஞ்சிருக்கும்," என்றார் மாப்பிள்ளை. "அடிப்பக்கம் பாருங்க, உடைஞ்சிருக்கும்."

ஆறு பேரும் குனிந்தார்கள். ஆறு முதுகுகள், ஆறு பிடரிகள். நான் குனிவதில்லை என்பது ஊருக்கே தெரியும், அதனால் யாரும் என்னைத் தேடவில்லை. எனக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவித்த முட்டையைப் பையிலிருந்து எடுத்து முழுசாக வாய்க்குள் போட்டேன்.

இருபத்தைந்து நிமிடம் அவித்த முட்டையைத் தின்றவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். வெள்ளை ரப்பர். மஞ்சள் கரு சுண்ணாம்புப் பொடி. அது வாயில் இருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு நாக்கோடு ஒட்டிக்கொண்டது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மாப்பிள்ளையின் ஒன்பது உழவு மண்ணை அள்ளித் தின்றிருந்தால்கூட இதைவிடச் சுலபமாக இறங்கியிருக்கும்.

கீழே தம்பி மகள் முட்டையை எடுத்து, மண்ணைத் துடைத்து, சுற்றிச் சுற்றிக் காட்டினாள். கீறல்கூட இல்லை. பிறகு தன் உள்ளங்கையில் அதைத் தட்டி உடைத்தாள். மஞ்சளும் வெள்ளையும் விரலிடுக்கில் வழிந்தன. "பச்சை முட்டைதான், எல்லாரும் பாத்துக்கோங்க," என்றாள். ஆறு பேரும் நிமிர்ந்து என் பக்கம் திரும்பினார்கள்.

"தோத்துட்டேன் மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "ஆனா வாக்கு வாக்குதான். உங்க முட்டையைக் குடுங்க."

நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.

"எங்க போச்சு?"

பதில் சொல்ல எனக்கு வாய் இருந்தது, அதில் இடம் இல்லை. தம்பி முன்னால் வந்தான். எனக்கு உதவி செய்ய வேண்டும் என்று அவனுக்கு எப்போது தோன்றினாலும் இப்படித்தான்.

"அதை... அதைக் கோழிகிட்டயே திருப்பிக் குடுத்துட்டோம்," என்றான்.

"கோழிகிட்டயா?"

"அது ரொம்ப வருத்தப்பட்டுச்சு."

மாப்பிள்ளை மேலே எதுவும் கேட்பதற்குள் தலைவர் கைத்தடியைத் தூக்கி, "இருபதாவது வருஷம்! ரெண்டு வார்த்தை பேசுங்க ஐயா," என்றார்.

நான் பேசவில்லை. தூரத்தில் தெரிந்த மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தொண்டையில் மஞ்சள் கரு அடைத்தது. கண்ணில் தண்ணீர் பொங்கிக் கன்னத்தில் இறங்கியது. உதடு தானாகத் துடித்தது.

"பெரியப்பா," என்றாள் தம்பி மகள். அவள் குரலும் தழுதழுத்தது. "அப்போ எல்லா நிலத்தையும் எங்கிட்ட விடறீங்களா? அடுத்த வருஷம் எங்கேயும் உழவு வேண்டாமா?"

மேட்டு நிலத்தை மட்டும் தருவதாகவும், சாலையோரத்து நிலத்தில் வழக்கம்போல் ஏழு உழவு நடக்கும் என்றும் சொல்ல எனக்கு ஆசை. அதைச் சொல்ல ஒரு வாய் வேண்டும். தலையை ஆட்டினேன்.

"ஐயா, டிராக்டரை வித்துடுவீங்களா?" என்றார் ஓட்டுநர் கலங்கிப்போய்.

தலையை வேறு பக்கமாக ஆட்டினேன். பார் கட்டவும், மூடுபயிரை உருட்டவும், வைக்கோல் ஏற்றவும் அது தேவை. மனிதர் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மெதுவாக மாறியது. "நாப்பது வருஷமாப் பாக்கறேன். இந்த மனுஷன் கண்ணுல தண்ணி வந்து பாத்ததில்ல," என்று சொல்லிக்கொண்டே வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "அழாதீங்க மச்சான். நாற்காலி உங்களுக்குத்தான். அடுத்த வருஷம் நம்ம மண்புழு டாக்டரை என் வயலுக்கும் அனுப்புங்க. குட்டையில இருக்கிற உங்க மண்ணையும் அள்ளிக் குடுத்துடறேன்." முதுகில் மூன்று முறை ஓங்கி ஓங்கித் தட்டினார். மூன்றாவது தட்டில் முட்டை இறங்கியது.

"நன்றி," என்றேன். ஜெயித்தபின் அன்று நான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

சேறு பதினோரு வண்டி வந்தது. தம்பி மகள் அதை மேட்டில் பரப்பி மூடுபயிர் போட்டுவிட்டாள். இந்த வருடம் எங்கள் நிலம் எதிலும் உழவு நடக்கவில்லை. மாப்பிள்ளையின் வயலும் இப்போது மடிக்காத படுக்கை மாதிரிதான் கிடக்கிறது. அவர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று சாலையில் போகிறவர்கள் விசாரிக்கிறார்கள். தம்பி அடுப்பங்கரைக்குள் போவதைத் தடை செய்திருக்கிறேன். அந்தக் கோட்டின் வலது பையில் இன்னும் ஓட்டுத்தூள் இருக்கிறது.

முட்டை அவித்த விஷயத்தை இதுவரை வெளியில் சொன்னதில்லை. வயலில் விழுந்தது பச்சை முட்டை, அதை ஆறு பேர் பார்த்தார்கள். ஆகவே சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இப்போது சொல்வதற்குக் காரணம் கடைத்தெருவில் நடமாடும் ஒரு பேச்சு. இருபதாவது முறை ஜெயித்ததும் எங்கள் குடும்பத்து மூத்தவர் உணர்ச்சிவசப்பட்டு, வாயடைத்து, மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்து அழுதுவிட்டார் என்று சொல்கிறார்களாம்.

நான் சாயவில்லை. அழவும் இல்லை. வாயில் முட்டை இருந்தது.